பெட்டிக்குள் தெரியாத குறிப்புகள்: கணினிக் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கேள்விகளில் பல இணையப் படிவங்களைப் பற்றியவை. அவற்றிலும் உள்ளீட்டுப் பெட்டிக்குள் மங்கலாகத் தோன்றும் குறிப்புச் சொற்கள் பழைய உலாவிகளில் தெரியாமல் போவதைப் பற்றியே அதிகமானோர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தமிழ்மொழி விழாவை ஒட்டி எங்கள் அமைப்பு மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறது. அதற்கான இணையப் படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ‘மாணவரின் முழுப்பெயர்’, ‘6 இலக்க அஞ்சல் குறியீடு’ என்று சாம்பல் நிறத்தில் குறிப்பு வைத்தோம். எங்கள் வீட்டுக் கணினிகளில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பேரப்பிள்ளைகளுக்காக மூத்தோர் வந்து பதிவு செய்யும் இடத்தில் விண்டோஸ் 7 உள்ள ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் பெட்டிகள் அனைத்தும் வெறுமையாக இருப்பதால், எதில் எதை எழுதுவது என்று தெரியாமல் அவர்கள் திகைக்கிறார்கள். இதற்கு என்ன வழி?
– தொண்டூழியர், தெம்பனிஸ்

பதில்: அந்தக் கணினியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 அல்லது 9 இருக்கக்கூடும். பெட்டிக்குள் குறிப்பைக் காட்டும்படி உலாவிக்குச் சொல்வது ‘பிளேஸ்ஹோல்டர்’ என்னும் பண்பு. இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பான எச்டிஎம்எல்5 வழியாகப் பரவலான இந்தப் பண்பைக் குரோமும் சஃபாரியும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டன. ஃபயர்ஃபாக்ஸ் 2011இல் வந்த 4ஆம் பதிப்பிலும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2012இல் வந்த 10ஆம் பதிப்பிலும்தான் அதைக் காட்டத் தொடங்கின. தனக்குத் தெரியாத பண்பு ஒன்றைக் கண்டால் உலாவி பிழைச்செய்தி எதுவும் காட்டாது, பேசாமல் கடந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காமல், பெட்டிகள் மட்டும் வெறுமையாக நிற்கின்றன.

நிரல் எழுதுவதற்கு முன் படிவத்தின் அமைப்பை ஒருமுறை பாருங்கள். மூத்தோர் திகைத்ததற்குக் காரணம் குறிப்பு மறைந்தது மட்டுமன்று, பெட்டிக்கு வெளியே பெயர்ப்பட்டையே இல்லாததும்தான். ‘மாணவரின் முழுப்பெயர்’ என்பது அந்தப் பெட்டியின் பெயர். அது லேபிளாகப் பெட்டிக்கு மேலே எப்போதும் தெரியும்படி நிற்க வேண்டும். பிளேஸ்ஹோல்டரை லேபிளுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று எச்டிஎம்எல் தர ஆவணமே சொல்கிறது. புத்தம்புதிய உலாவியிலும், ஓர் எழுத்தைத் தட்டியவுடன் குறிப்பு மறைந்துவிடும். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அழைப்பு வந்து, பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்தப் பெட்டி எதற்கானது என்று நினைவிருக்க வேண்டும் என நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

லேபிள்களை வைத்தபின் எஞ்சுவது ‘6 இலக்கம்’, ‘அடையாள அட்டையில் உள்ளபடி’ போன்ற துணை விளக்கங்களே. இவற்றைப் பெட்டியின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியாக எழுதி, ‘ஏரியா-டிஸ்கிரைப்டுபை’ என்ற பண்பின் மூலம் பெட்டியோடு இணைத்துவிட்டால், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அந்த வரியைப் படித்துக் காட்டும். வெறும் எழுத்து என்பதால் எந்தப் பழைய உலாவியிலும் அது தெரியும், மாற்று ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. உங்கள் போட்டிப் படிவத்துக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இடநெருக்கடி காரணமாகக் குறிப்பு பெட்டிக்குள்தான் இருக்க வேண்டுமென்றால், உலாவிக்குள் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு அந்த வசதியைப் பழைய உலாவிக்கு நாமே செய்துகொடுக்கலாம். அதற்கு முதலில், உலாவிக்கு இந்தப் பண்பு தெரியுமா என்று சோதிக்க வேண்டும். உலாவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கேட்டு முடிவெடுக்காமல், நினைவகத்தில் புதிதாக ஓர் ‘இன்புட்’ உறுப்பை உருவாக்கி, அதற்குப் பிளேஸ்ஹோல்டர் என்ற பண்பு இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான முறை. ‘புதிதாக’ என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் ஏற்கெனவே பிளேஸ்ஹோல்டர் எழுதப்பட்டுள்ள ஒரு பெட்டியைக் கொண்டு சோதித்தால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8உம் அதற்கு முந்தையவையும் தமக்குப் புரியாத பண்பைக்கூட அந்த உறுப்பின் சொத்தாகச் சேர்த்துக்கொண்டு ‘இருக்கிறது’ என்று பதில் தரும். சோதனை தேறிவிடும், குறிப்பு மட்டும் தெரியாது. பல வரிகள் எழுதும் ‘டெக்ஸ்ட்ஏரியா’ பெட்டிக்குத் தனியாக இன்னொரு சோதனை வையுங்கள். ஒற்றை வரிப் பெட்டியில் குறிப்பைக் காட்டிவிட்டு இதில் காட்டாத பழைய பதிப்புகள் சில இருந்தன.

சோதனையில் ‘இல்லை’ என்று பதில் வந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள். குறிப்புள்ள ஒவ்வொரு பெட்டியையும் ஓர் உறைக்குள் வைத்து, குறிப்பின் சொற்களை ஒரு சிறிய லேபிளில் எழுதி, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மூலம் அதைப் பெட்டியின்மேல் பொருத்துங்கள். பெட்டி காலியாக இருந்தால் லேபிள் தெரிய வேண்டும், ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் மறைய வேண்டும், அவ்வளவுதான். வேறு உறுப்பை விட்டு லேபிளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மேலே நிற்கும் சொற்களைச் சுட்டியால் தட்டினால், அந்தத் தட்டல் கீழேயுள்ள பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். புதிய உலாவிகளில் இதற்குச் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வசதி உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 வரை அது சாதாரண உறுப்புகளுக்கு வேலை செய்யாது. லேபிளாக இருந்து, ‘ஃபார்’ பண்பில் அந்தப் பெட்டியின் அடையாளப் பெயரும் எழுதப்பட்டிருந்தால், தட்டியதும் எழுதுகுறி தானாகப் பெட்டிக்குள் சென்றுவிடும்.

பெட்டி காலியா இல்லையா என்பதை எப்போதெல்லாம் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பயனர் ஏதேனும் செய்யும்போது உலாவி நிரலுக்குத் தரும் அறிவிப்பே நிகழ்வு. எழுதும்போது எழும் ‘இன்புட்’ நிகழ்வு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8இல் கிடையாது. 9இல் உண்டு என்றாலும், எழுத்துகளை அழிக்கும்போது அது எழுவதில்லை. எனவே விசையிலிருந்து விரல் எடுக்கும் ‘கீஅப்’ நிகழ்வையும், பெட்டியை விட்டு வெளியேறும் ‘பிளர்’ நிகழ்வையும் சேர்த்துக் கவனியுங்கள். பக்கம் திறந்தவுடன் ஒருமுறையும் சற்று இடைவெளி விட்டு மறுமுறையும் பாருங்கள். முன்பு எழுதிய பெயரையும் முகவரியையும் உலாவி தானாக நிரப்பும்போது எல்லாச் சமயத்திலும் நிகழ்வு எழுவதில்லை. படிவத்தை வெறுமையாக்கும் ‘ரீசெட்’ பொத்தான் இருந்தால், அதன் நிகழ்வு பெட்டிகள் காலியாவதற்கு முன்பே எழுந்துவிடும் என்பதால், ஒரு கணம் தள்ளிச் சோதித்தால்தான் குறிப்பு திரும்ப வரும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த ஒரு நிரலைப் பயன்படுத்திப் பழைய உலாவிகளில் குறிப்பு தெரியும்படி செய்துவிட்டேன். இப்போது பெயர்ப்பட்டியலைத் திறந்தால், பெயர் என்ற இடத்தில் ‘உங்கள் முழுப்பெயர்’ என்றும், தொலைபேசி என்ற இடத்தில் ‘8 இலக்க எண்’ என்றும் சில பதிவுகள் இருக்கின்றன. இது ஏன் நடக்கிறது?
– பொங்கல் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், யீஷூன்

பதில்: நீங்கள் எடுத்துக்கொண்ட நிரல் குறிப்பைப் பெட்டியின்மேல் பொருத்தாமல், பெட்டியின் மதிப்பாகவே எழுதிவிடுகிறது. எழுதுகுறி உள்ளே வந்ததும் அதை அழித்து, ஒன்றும் எழுதாமல் வெளியேறினால் திரும்ப எழுதி, நிறத்தை மட்டும் சாம்பலாக்குகிறது. மனிதக் கண்ணுக்கு அது குறிப்பு. உலாவிக்கும், பதிவுகளைப் பெற்றுச் சேமிக்கும் செர்வருக்கும் அது பயனர் எழுதிய பதில். கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டியா என்று உங்கள் நிரல் சோதிக்கும்போதும் ‘நிரப்பியாயிற்று’ என்றே விடை வரும். அதனால்தான் பெயரே எழுதாதவரின் பதிவும் தடையின்றி உள்ளே வந்திருக்கிறது.

படிவத்தை அனுப்பும் நேரத்தில் குறிப்புகளை அழித்துவிடும்படி அந்த நிரல் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் அழிக்கும் வேலை ‘சப்மிட்’ நிகழ்வை நம்பி நிற்கிறது. வேறொரு நிரல் தானே படிவத்தின் சப்மிட் கட்டளையை அழைத்து அனுப்பினால் அந்த நிகழ்வு எழுவதேயில்லை. பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் தரவைத் திரட்டி அனுப்பும் படிவங்களிலும் இதே கதைதான். இரண்டிலும் குறிப்புகள் அப்படியே செர்வருக்குப் போய்விடும்.

இந்த முறையில் இதைவிட வருத்தம் தரும் குறை ஒன்று உண்டு. ‘வசிக்கும் நாடு’ என்ற பெட்டியில் ‘சிங்கப்பூர்’ என்று எடுத்துக்காட்டாகக் குறிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பொறுமையாகத் தட்டச்சு செய்து ‘சிங்கப்பூர்’ என்றே எழுதுகிறார். மதிப்பும் குறிப்பும் ஒன்றாக இருந்தால் அழித்துவிடு என்று எழுதப்பட்ட நிரல், அவர் மறுபடி அந்தப் பெட்டிக்குள் வந்தவுடன் அவருடைய உண்மையான பதிலை அழிக்கும். அனுப்பும்போதும் அதையே செய்யும். அவர் எத்தனை முறை எழுதினாலும், ‘நாட்டைக் குறிப்பிடவும்’ என்று படிவம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். தன் மீதுதான் தவறு என்று எண்ணிப் பதிவு செய்யாமலே எழுந்துபோகிறவர்களும் உண்டு. பட்டியலில் அவர்களுடைய தடமே இருக்காது. தவறான பதிவுகளைவிட இதுவே பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன்.

ஆகவே இந்த முறையைக் கைவிட்டு, முதல் பதிலில் சொன்ன மேற்பொருத்தும் முறைக்கு மாறுங்கள். உடனே மாற்ற இயலாதபோது, சொற்களை ஒப்பிடுவதை நிறுத்தி, இப்போது பெட்டியில் இருப்பது நாம் இட்ட குறிப்பா என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாளக் குறியாக நிரலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெயர், தொலைபேசி ஆகிய பெட்டிகளில் குறிப்புச் சொற்களே வந்தால் ஏற்க மறுக்கும்படி செர்வரிலும் ஒரு சோதனை இருக்கட்டும். ஏற்கெனவே வந்துவிட்ட பதிவுகளைப் பொறுத்தவரை, பெயர் இல்லாவிட்டாலும் எண் இருந்தால் அழைத்துக் கேட்டுத் திருத்துங்கள். இரண்டும் இல்லாதவற்றை எண்ணிக்கையில் சேர்த்து உணவுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டாம்.

கேள்வி: உறுப்பினர் நுழைவுப் பக்கத்தில் ‘கடவுச்சொல்’ என்ற குறிப்பு பழைய உலாவியில் புள்ளிகளாகத் தெரிகிறது. சரிசெய்ய முயன்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது.
– வாசகர், ஜூரோங்

பதில்: கடவுச்சொல் பெட்டியின் மதிப்பாக எதை எழுதினாலும் புள்ளிகளாகத்தான் தெரியும். குறிப்பு காட்டும்போது மட்டும் பெட்டியின் வகையைச் சாதாரண எழுத்துப் பெட்டியாக மாற்றலாம் என்று நீங்கள் முயன்றிருக்கிறீர்கள். பக்கத்தில் சேர்க்கப்பட்டுவிட்ட பெட்டியின் வகையை மாற்ற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8உம் அதற்கு முந்தையவையும் அனுமதிப்பதில்லை, பிழை அங்கேதான் எழுகிறது. இரண்டு பெட்டிகளை வைத்து ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டும் உத்தியைச் சிலர் கையாள்கிறார்கள். அது உலாவி கடவுச்சொல்லை நினைவில் வைத்து நிரப்பும் வசதியைக் குழப்பிவிடுகிறது. லேபிளை மேலே பொருத்தும் முறையில் பெட்டியின் வகையைத் தொடவே வேண்டியதில்லை.

கேள்வி: என் அலுவலகத்தின் உள்வலைப் பக்கங்கள் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறை’யில் திறக்கின்றன. பதிப்பு 11 என்கிறார்கள். 10 முதலே பிளேஸ்ஹோல்டர் தெரியும் என்றால், எங்களுக்கு ஏன் தெரியவில்லை? இன்னொரு பக்கத்தில் தெரிகிறது, ஆனால் நான் எதையும் எழுதுவதற்கு முன்பே ‘பெயர் தவறு’ என்று சிவப்பில் வருகிறது. அதே பக்கத்தின் ஆங்கில வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை.
– மென்பொருள் பராமரிப்பாளர், சாங்கி

பதில்: இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். முதலாவது, ஆவண முறை தொடர்பானது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11, பழைய பக்கங்கள் உடைந்துபோகாமல் இருக்க, 7, 8, 9 ஆகிய பதிப்புகளைப் போலவும் நடந்துகொள்ளக்கூடியது. உள்வலைப் பக்கங்களை இயல்பாகவே பழைய இணக்க முறையில் திறப்பது அதன் வழக்கம். அந்த முறைகளில் அது பிளேஸ்ஹோல்டரையும் மறந்துவிடுகிறது. உங்கள் பக்கத்தில் ‘டாக்குமென்ட்மோட்’ என்ற மதிப்பைத் திரையில் காட்டும்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். 11 என்று வராமல் 7 அல்லது 8 என்று வந்தால் காரணம் அதுவே. பக்கத்தின் தொடக்கத்தில் எச்டிஎம்எல்5 டாக்டைப் வரியும், தலைப்பகுதியின் முதலிலேயே ‘எக்ஸ்-யூஏ-கம்பேட்டிபிள்’ என்ற மெட்டா வரியில் ‘ஐஇ=எட்ஜ்’ என்ற மதிப்பும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிறுவனத்தின் தளப் பட்டியலில் உங்கள் தளத்துக்கென்று பழைய ஆவண முறை ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் சொல்லி அதை மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது சிக்கலைத் தமிழில் படிவம் அமைப்பவர்கள் அனைவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10, 11 ஆகியவற்றில், பிளேஸ்ஹோல்டரின் சொற்கள் அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு வெளியே இருந்தால், பயனர் எதையும் தொடாமலே ‘இன்புட்’ நிகழ்வு எழுந்துவிடும் ஒரு பிழை இருக்கிறது. தமிழ், சீனம் முதலியவற்றில் குறிப்பு வைத்தால் அது தலைகாட்டும். ஆங்கிலக் குறிப்போடு சோதித்தவர்களுக்குப் பக்கம் திறக்கும்போது எதுவும் நேராது. நிகழ்வு எழுந்ததும் உங்கள் நிரல் காலிப் பெட்டியைச் சரிபார்த்துத் தவறு என்று அறிவிக்கிறது. பெட்டியின் முந்தைய மதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, அது மாறியிருந்தால் மட்டுமே சரிபார்க்கும்படி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை அகலும். தமிழ்ப் பக்கத்தைத் தமிழ்ச் சொற்களோடுதான் சோதிக்க வேண்டும் என்பதை உங்கள் சோதனைக் குழுவினரிடம் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பு பிறகு வரும் என்று ஆங்கிலத்தில் சோதித்து முடித்துவிடும் பழக்கத்தால்தான் இத்தகைய பிழைகள் நம் பயனர்களின் தலையில் வந்து விழுகின்றன.

கேள்வி: குறிப்பின் நிறத்தைக் கருமையாக்கச் சிஎஸ்எஸ் எழுதினேன், எந்த உலாவியிலும் மாறவில்லை. என் அம்மாவுக்கு அந்த எழுத்துகள் படிக்கவே முடியவில்லை.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: குறிப்பின் எழுத்தைச் சிஎஸ்எஸ்ஸில் சுட்டுவதற்கு ஒவ்வொரு உலாவியும் நெடுநாள் வெவ்வேறு முன்னொட்டுப் பெயரை வைத்திருந்தது. குரோமுக்கும் சஃபாரிக்கும் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் 18 வரை ஒன்று, 19 முதல் வேறொன்று, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒன்று. நீங்கள் அவற்றைக் காற்புள்ளியிட்டு ஒரே விதியாக எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எழுதினால், அதிலுள்ள ஒரு பெயர் புரியாவிட்டாலும் உலாவி அந்த விதி முழுவதையும் தள்ளிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனி விதியாக எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் குறிப்பின் ஒளிபுகாத்தன்மையையும் மாற்றிவிடுவதால் அதை 1 என்று குறிப்பிடுங்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் தேவை. வெள்ளைப் பின்னணியில் 757575 என்னும் குறியீடு கொண்ட சாம்பல் நிறம் அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது. புள்ளியும் கொம்பும் சுழியும் நிறைந்த நம் எழுத்துகளுக்கு அதைவிடக் கருமையாக வைப்பதே நல்லது. இன்னொன்று, ஒற்றை வரிப் பெட்டியில் குறிப்பு மடங்கி அடுத்த வரிக்கு வராது. ஆங்கிலத்தில் பொருந்திய அகலம் தமிழில் போதாமல், கைப்பேசியில் ‘உங்கள் மின்னஞ்சல் முக’ என்று பாதியில் நின்றுவிடும். ‘மின்னஞ்சல்’ என்ற ஒரு சொல்லை லேபிளாக மேலே வைத்தாலே உங்கள் அம்மாவுக்குப் போதுமானது.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கைவிட்டுவிட்ட பிறகும் இந்த வேலைகளைச் செய்யத்தான் வேண்டுமா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், அங் மோ கியோ

பதில்: பொதுமக்களுக்கான புதிய தளம் என்றால் வேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் 8ஆம் பதிப்புக்கு மேலும், விஸ்டாவில் 9க்கு மேலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஏற்ற முடியாது. ஒவ்வொரு விண்டோஸிலும் கடைசிப் பதிப்புக்கு மட்டுமே ஆதரவு என்று 2016 ஜனவரி 12 அன்று மைக்ரோசாஃப்ட் வரம்பிட்டது. 2022 ஜூன் 15 அன்று 11ஆம் பதிப்பும் ஓய்வுபெற்றது. அந்தப் பழைய கணினிகளில் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை இயல்பாக இல்லாததால், இன்றைய பாதுகாப்பான தளங்கள் பல அவற்றில் திறப்பதேயில்லை. பக்கமே திறக்காத இடத்தில் குறிப்புக்கு மாற்று ஏற்பாடு செய்து பயனில்லை.

ஆனால் எட்ஜ் உலாவியில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறைக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அலுவலக உள்வலைகளைப் பராமரிக்கும் பணிக்கு நீங்கள் சென்றால் இதைச் சந்திக்க நேரலாம். பழைய தளம் ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போது, அதில் முன்பு யாரோ சேர்த்துவைத்த மாற்று நிரல் எப்படிச் சோதிக்கிறது என்று திறந்து பாருங்கள். பண்பு இருக்கிறதா என்று கேட்கும் நிரல் புதிய உலாவியில் எதையும் செய்யாமல் ஒதுங்கிக்கொள்ளும், அதனால் தீங்கில்லை. உலாவியின் பெயரைக் கேட்டு முடிவெடுக்கும் நிரலோ, புதிய பெயர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு, நல்ல உலாவியிலும் குறிப்பைப் பெட்டியின் மதிப்பாக எழுதக்கூடும். அத்தகையதை நீக்கிவிட்டு, லேபிள் இல்லாத பெட்டிகளுக்கு லேபிள் சேர்த்து, பெயரை எழுதாமலே படிவத்தை ஒருமுறை அனுப்பிப் பார்த்து, செர்வரில் என்ன பதிவாகிறது என்று சரிபாருங்கள்.